மேம்படுத்தப்படுகிறது

எங்கள் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு செய்தி மடல் வரும். ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் மின்னஞ்சலில் போகும். அதோடு நானூறு படிகள் அச்சடித்து அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவார்கள். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், மருத்துவ அறைக்கு எந்தக் கிழமை பல் டாக்டர் வருவார், விடுதிப் பக்கம் தொலைந்த குடை யாரிடம் இருக்கிறது, துணைவேந்தர் யார் கையால் என்ன கேடயம் வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேடயப் படத்தில் எப்போதும் ஒன்பது பேர் நிற்பார்கள். ஒன்பது பேரும் ஒரே கேடயத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், கை எடுத்தால் கீழே விழுந்துவிடும் என்று பயப்படுகிறார்களோ என்று தோன்றும். அந்த மடலை எட்டு வருடமாக எழுதுகிறவன் நான்.

எங்கள் மடல் பிரிவின் இயக்குநருக்கு நான் வைத்த பெயர் மெழுகு. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பூசி மெழுகிக் கையில் தருவார். எட்டு வருடத்துக்கு முன்பு பதவிக்கு வந்த முதல் நாளே ஒரு தாளில் சில சொற்களை எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டினார். மூடல், நிறுத்தம், பழுது, தாமதம், இல்லை. இந்தச் சொற்கள் மடலில் வரக் கூடாது. எதிர்மறைச் சொற்கள் வாசகரின் மனத்தைப் பாதிக்கும் என்றார். ‘பாதிக்கும்’ எதிர்மறையில் சேருமா சேராதா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

இத்தனை சொற்களுக்கும் பதிலாக அவர் ஒரே ஒரு சொல்லைத் தந்தார்: மேம்படுத்தப்படுகிறது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனபோது லிஃப்ட் மேம்படுத்தப்படுகிறது என்று எழுதினேன். அது ஆயிற்று இரண்டு வருடம். விடுதிக்கும் வகுப்புகளுக்கும் நடுவே ஓடிய பேருந்தை விற்றுவிட்டார்கள்; பேருந்துச் சேவை மேம்படுத்தப்படுகிறது என்று எழுதினேன். எங்கள் அறையில் அந்தச் சொல்லுக்குக் கதை முடிந்தது என்று பொருள். தட்டச்சுக்காரப் பெண் வார் அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டி, “சார், என் செருப்பு மேம்பட்டுடுச்சு” என்பாள். ஒரு நாள் வடிவமைப்பாளர், “எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் நேத்து காலையில மேம்பட்டுட்டார்” என்றபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒருமுறை நூலகக் கழிப்பறையில் நிஜமாகவே புதுக் குழாய் போட்டார்கள். அதை என்ன சொல்லி எழுதுவது என்று தெரியாமல் அரை நாள் விழித்தோம்.

இதையெல்லாம் நான் மானத்தை விட்டுச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். மெழுகு ஒரு முட்டாள், பேராசிரியர்கள் தலைக்கனம் பிடித்தவர்கள், ஊழியர்கள் தலையாட்டிகள், உள்ளதை உள்ளபடி பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் மூன்றாம் மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தேன்.

என் அக்கா அதே வளாகத்தில் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர். காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து, மாணவர்களுக்கு வேண்டிய கரைசல்களைக் கலக்கி வைக்க வேண்டும். ஒன்பது வருடம் எட்டு மாதமாகத் தற்காலிகப் பணி. இடையில் ஒரு நாள் முறிவு இல்லாமல் பத்து வருடம் முடித்தால் நிரந்தரம். இன்னும் நாலு மாதம்தான் பாக்கி. அத்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் கடலில். பாப்பாவுக்கு மூன்று வயது. பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. வளாகத்துக்குள்ளேயே இருந்த குழந்தைகள் காப்பகத்தில் காலை ஏழே முக்காலுக்கு விட்டுவிட்டு, மாலை ஐந்தரைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். வெளியே இருக்கிற காப்பகங்களை ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். அதாவது இந்தக் காப்பகம் இருந்தால்தான் அக்காவுக்கு வேலை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காப்பகத்தை மூட முடிவு செய்தார்கள். முன்னாள் மாணவர்கள் வந்தால் உட்கார்ந்து பேச அறை இல்லையாம். முன்னாள் மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்காக முப்பத்தொரு குழந்தைகள் தூங்கி எழுந்து விளையாடுகிற இடத்தில் சோபா போடப் போகிறார்கள்.

ஆனால் பழைய விதி ஒன்று இருக்கிறது. ஊழியர், மாணவர் நலனுக்கான எந்தச் சேவையை நிறுத்துவதானாலும் மடலில் அறிவிக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் இருபத்தைந்து பேர் ஆட்சேபணை கொடுத்தால், ஆட்சிக்குழு எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் முடிவெடுக்கலாம். விசாரணை என்று வந்தால் ஒரு வருடத்துக்கு இழுக்கும். மெழுகு இதை எனக்கு விளக்கிவிட்டு, “அழகா எழுதிடுங்க. முடிவாகிற வரைக்கும் வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம்” என்றார்.

அழகாகத்தான் எழுதினேன். ‘நமது வளாகக் குழந்தைகள் காப்பகம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய நோக்கில் மேம்படுத்தப்படுகிறது. இது குறித்த கருத்துகளைப் பதினைந்து நாட்களுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அளிக்கலாம்.’ ஆட்சேபணை என்பதைக் கருத்து என்று மாற்றியது என் சொந்தக் கைவண்ணம். மெழுகு படித்துவிட்டு என் தோளில் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இந்த வளாகத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பது என் எண்ணம். இரண்டு வருடமாக லிஃப்ட் மேம்படுகிற ஊரில் இதைப் படித்து யார் ஏமாறுவார்கள்? அக்கா பார்த்த உடனே புரிந்துகொண்டு நாலு பேரைச் சேர்த்து ஆட்சேபணை கொடுப்பாள், நம் கையும் சுத்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

பதினான்காம் நாள் திங்கட்கிழமை. மெழுகு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். முகமெல்லாம் பல்.

“பதிவாளர் ஆபீஸ்லேருந்து அனுப்பியிருக்காங்க. பதினொரு கடிதம் வந்திருக்கு. பதினொண்ணும் பாராட்டு! நாளைக்கு வர்ற மடல்ல ரெண்டு மூணு போடுங்க.”

எடுத்துப் படித்தேன். காப்பகத்தை மேம்படுத்துவதற்கு நன்றி என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊஞ்சல் ஒன்று கூடுதலாகப் போட்டால் குழந்தைகள் சண்டை போடாது என்று ஒருவர். மூன்றாவது கடிதம் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாளில் இருந்தது. கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.

‘என் மகளுக்கு இந்தக் காப்பகம் இரண்டாவது வீடு. இதை மேம்படுத்த முன்வந்த நிர்வாகத்துக்கு மனமார்ந்த நன்றி. மதியம் தூங்கும் அறையில் இன்னொரு மின்விசிறி இருந்தால் உதவியாக இருக்கும்.’ கீழே அக்காவின் பெயர், துறை, பணியாளர் எண்.

எங்கள் அறைக்குள் நாங்கள் ஆறு பேர் அந்தச் சொல்லைத் திருகித் திருகி அதன் அர்த்தத்தையே மாற்றிவிட்டோம். வெளியே இருக்கிறவர்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. அவர்கள் அகராதியில் இருக்கிற பொருளிலேயே படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எட்டு வருடமாக.

உட்கார்ந்து ஒரு திருத்தம் அடித்தேன். ‘குழந்தைகள் காப்பகம் மேம்படுத்தப்படுகிறது என்று அண்மையில் வெளியான செய்தியை, மூடப்படுகிறது என்று திருத்தி வாசிக்கவும்.’ மெழுகிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

“ஒரு தடவை திருத்தம் போட்டா எட்டு வருஷத்துக்கும் போடச் சொல்வாங்க. லிஃப்ட்லேருந்து ஆரம்பிக்கணும். முடியுமா?”

“சார், அதுல எங்க அக்கா கடிதமும் இருக்கு.”

“அப்படியா? ரொம்ப நல்லா எழுதியிருக்காங்களே, அதையே போடுங்க” என்றார். அந்த ஆளுக்குக் காது கேட்காதா, மூளை கேட்காதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. “சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாக்கு அதற்கு நன்றாகப் பழகியிருந்தது.

அக்கா ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் ரப்பர் உறை. என்னைப் பார்த்ததும், “வாடா, அதிசயமா இருக்கு! மாடி இறங்கி வந்திருக்கே?” என்றாள்.

சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. உறையைக் கழற்றிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னாள்.

“மூடறாங்களா? மேம்படுத்தறதாத்தானே போட்டிருந்தது?”

“அப்படித்தான் போடுவோம்க்கா. லிஃப்டைப் பார்த்துமா உனக்குப் புரியலை?”

“லிஃப்டை நல்லாப் பண்றாங்க, அதான் நாளாகுதுன்னு நினைச்சேன்டா” என்றாள். “நீதானே எழுதறே. தம்பி எழுதறான், பொய் இருக்காதுன்னு நான் ஒரு வரி விடாமப் படிப்பேன்.”

என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அக்கா திட்டவில்லை. குழாயை இறுக்கி மூடிவிட்டு, “நாளைக்கு எத்தனை மணி வரைக்கும் வாங்குவாங்க?” என்று மட்டும் கேட்டாள். “அஞ்சு மணி” என்றேன்.

அன்று மாலை காப்பக வாசலில் நின்றோம். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தாள்: பெயர், பணியாளர் எண் அல்லது மாணவர் எண், காரணம், கையெழுத்து. மூடப் போகிறார்கள் என்று அவள் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

“யாரோ வதந்தி கிளப்பறாங்க” என்றார் கணிதத் துறை விரிவுரையாளர். “மடல்லயே போட்டிருக்கே, மேம்படுத்தறாங்கன்னு.”

“அதை எழுதினது நான்தான் சார். அது பொய்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இப்ப சொல்றதை எப்படி நம்பறது?”

கணக்கு சரிதான். அக்காதான் முன்னால் வந்தாள். “சார், லிஃப்ட் மேம்படுத்தறாங்கன்னு போட்டாங்க. அப்புறம் நீங்க ஏறினீங்களா? பஸ் மேம்படுத்தறாங்கன்னு போட்டாங்க. அந்த பஸ்ஸைப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர். அவரையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட வைத்தார். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, “எனக்கு இரட்டைக் குழந்தைங்க, ரெண்டு கையெழுத்து போடலாமா?” என்று கேட்டாள்.

மறுநாளும் அலைந்தோம். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு துறை துறையாகப் போனேன். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். இயற்பியல் துறையில் ஒரு குமாஸ்தா, “எனக்கு ப்ரோமோஷன் நேரம், விட்டுடுங்க” என்று கும்பிட்டான். “முதுகெலும்பை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா?” என்று பக்கத்து மேசைகளில் இருந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு போட்டான். நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து கையெழுத்து. தேவைக்கு மேல் பத்து. அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள்.

காப்பகத்திலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். அது வளாகத்தின் கடைசியில், தனியாக நிற்கிற கட்டடம். நாலே முக்காலுக்கு ஊழியர் வண்டி கிளம்பிவிடுவதால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. கருத்துகள் வாங்கும் சன்னலில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற எழுத்தர். எதை நீட்டினாலும் முகத்தைப் பார்க்காமல் டப்பென்று முத்திரை குத்துவார். அவருக்கு நான் வைத்த பெயர் முத்திரை. அந்தக் கைக்கும் மேலே இருக்கிற தலைக்கும் தொடர்பே கிடையாது என்று நான் எங்கள் அறையில் அவரைப்போல் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

முத்திரை தாள்களை வாங்கிப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். அவ்வப்போது சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“இதுல பதினொரு பேர் ஏற்கெனவே ஆதரவுன்னு கடிதம் கொடுத்திருக்காங்க. ஒருத்தர் ஒரு கருத்துதான் கொடுக்கலாம். அடிச்சிட்டேன். மீதி இருபத்துநாலு.”

“மேடம், அது ஆதரவு இல்லை. புரியாம எழுதினது” என்றாள் அக்கா. “அதுல ஒண்ணு நான் எழுதினது.”

“தெரியுதும்மா. பதிவாயிடுச்சு. இன்னும் ஒரு ஆள் வேணும்.” சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு நிமிஷம் இருக்கு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த முப்பத்தைந்தில் என் கையெழுத்து இல்லை. இரண்டு நாளாக ஊரையெல்லாம் போடச் சொன்னவன் நான் போடவில்லை. அக்கா அதைக் கேட்கவும் இல்லை. நாளைக்குத் தாள் ஆட்சிக்குழுவுக்குப் போகும், மெழுகு பார்ப்பார், மடலை எழுதியவனே ஆட்சேபணை கொடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் என் நாற்காலி போய்விடும். இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்து முடித்தேன்.

“நான் போட்டா செல்லாதுக்கா. மடல் ஆபீஸ்ல இருக்கிறவங்க போடக் கூடாது” என்றேன்.

“அப்படி விதி எதுவும் இல்லையே” என்றார் முத்திரை.

பாப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மாமா, வீட்டுக்குப் போலாம்” என்றது.

“இருக்கா, வெளியில யாராவது இருப்பாங்க. ஒரு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. தாழ்வாரம் முழுக்கக் கதவுகளைத் தட்டினேன். எல்லாம் பூட்டு. மாடியில் விளக்கு எரிந்த ஓர் அறையில் யாரும் இல்லை. வெளியே வாசல்வரை ஓடினேன். காவலாளி மட்டும் நின்றிருந்தார். “நான் காண்டிராக்ட் ஆளுங்க, எனக்குப் பணியாளர் நம்பர் கிடையாது” என்றார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவன் நிற்பதுபோல் இருந்தது. கிட்டே போனால் வேறு கல்லூரிப் பையன். திரும்பி ஓடி வரும்போது, மணி ஐந்து தாண்டியிருக்கும், இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியது. தோன்றியதும் மனம் லேசானது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

உள்ளே வந்தபோது கடிகாரம் ஐந்து அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முத்திரை பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் ஒப்புகைச் சீட்டு இருந்தது. நான் அதை வாங்கிப் பார்த்தேன். ஆட்சேபணைகள்: இருபத்தைந்து. பெறப்பட்ட நேரம்: நாலு ஐம்பத்தாறு.

சன்னலுக்கு உள்பக்கம் எங்கள் தாள் விரித்தபடி கிடந்தது. கடைசி வரிசையில் நீல மை இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த அம்மாளின் பெயர், அவருடைய பணியாளர் எண். பெயரை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். காரணம் என்ற கட்டத்தில் மூன்று சொல்: ‘குழந்தைகள் எங்கே போவார்கள்?’ பதிவாளரின் அறைக்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவர். நாளைக் காலை அந்தத் தாளை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அவர் எதுவும் நடக்காததுபோல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

“யாராவது கிடைச்சாங்களாடா?” என்று அக்கா கேட்டாள். குரலில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. கடைக்குப் போய் வந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“இல்லைக்கா.”

அவள் தலையாட்டினாள். சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி, “வரேன்க்கா” என்றாள். கால் மணி நேரமாக மேடம், மேடம் என்று பேசிக்கொண்டிருந்தவள்.

அந்த அம்மாள் கையசைத்தார். அக்கா படியிறங்கிப் போனாள். என்னை வா என்று கூப்பிடவில்லை.